திரும்பிப் பார்த்த மருமகனுக்கு

என் மகள் பூமணிக்குத் துணையாக வந்த பிள்ளை, குணரத்தினம்,

உங்கள் பெயரை நான் எழுதுவது இதுதான் முதல் தரம். வாயால் சொன்னதும் இல்லை. பதின்மூன்று வருடம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தோம். பூமணியோடு கதைக்கும்போது உங்களை "அவர்" என்பேன். அயலட்டையோடு கதைக்கும்போது "பிள்ளையின்ர தகப்பன்" என்பேன். இன்றைக்கு ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி எழுதிப் பார்த்தேன். பெரிய பெயர்தான்.

உங்கள் முப்பத்தோராம் நாளுக்கு நினைவாகக் கல்வெட்டுப் புத்தகம் அச்சடிக்கிறார்கள். முகப்பில் உங்கள் படம், பிறகு தேவாரம், பிறகு வம்சாவளி, கடைசியில் நன்றி. எங்கள் கொலனி வாத்தியார்தான் எல்லாம் எழுதிக் கோர்க்கிறார். எனக்கு இரண்டு பக்கம் வேண்டும் என்று கேட்டேன். மனுசன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஆச்சி, மாமிமார் எழுதுற வழக்கம் இல்லை. பெண்சாதி, பிள்ளை, சகோதரம் எழுதுவினம்."

"வழக்கம் பாத்ததாலதான் இவ்வளவும் வந்தது. எழுத்துப் பிழையை மட்டும் திருத்துங்கோ. சொல்லில கை வைக்காதேங்கோ."

இரண்டாம் வகுப்போடு நின்றவள் நான். பென்சிலைப் பிடித்தால் விரல் வலிக்கிறது. ஆனால் ஞாபகம் வலிக்க வலிக்கத் தெளிவாக இருக்கிறது. அதனால் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுப் புதினம் சொல்கிறேன். நீங்கள் ஓட்டிய சங்கத்து உழவு மிசினை இப்போது கனகராயன்குளத்துப் பெடியன் ஒருவன் ஓட்டுகிறான். வரம்பில் ஏற்றி இரண்டு தரம் இறக்கிவிட்டான். உங்கள் சின்ன மகள் நீங்கள் விறாந்தையில் கொழுவிவிட்ட சட்டையை எடுக்க விடுகிறாள் இல்லை. பூமணி வெள்ளைச் சேலையோடு குசினிக்குள்ளேயே இருக்கிறாள். சமைக்கிறாள், சாப்பிடுகிறாள் இல்லை.

அங்கே உங்கள் மூத்தவள் யோகத்தைக் கண்டீர்களா? நாலு வயதில் போனவள். உங்களை அடையாளம் தெரிந்ததா அவளுக்கு?

நாங்கள் தென்மராட்சியில் இருந்து காணி கிடைத்து இங்கே வந்தபோது பூமணியின் தகப்பன் இருந்தார். காடு வெட்டி முடிக்கும் முன்னம் மலேரியா அவரைக் கொண்டு போய்விட்டது. அதனால் உங்களைப் பார்த்துப் பேசி முடித்தது நான்தான். முடித்த பிறகு உங்களோடு ஒரு வார்த்தை கதைக்காததும் நான்தான். எங்கள் ஊர்ப் பழக்கம் அது. மருமகனுக்கு முன்னால் மாமி நிற்கக் கூடாது. கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்ல வேண்டும், மகள் உங்களிடம் சொல்ல வேண்டும்.

"பிள்ளை, அவருக்கு இன்னும் கொஞ்சம் சோறு வேணுமோ எண்டு கேள்."

நீங்கள் ஐந்து முழம் தூரத்தில் இருந்து எல்லாம் கேட்டுக்கொண்டு இருப்பீர்கள். பூமணி வாயைத் திறக்க முன்னமே, "காணும் எண்டு சொல்லும்" என்பீர்கள். அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, "காணுமாம்" என்பாள். எங்கள் மூன்று பேரின் கதை இப்படித்தான் ஓடியது. கலியாணம் முடிந்த முதல் கிழமை கத்தரிக்காய்க் குழம்பில் உப்புக் கூட என்று பூமணியிடம் மெதுவாகச் சொன்னீர்கள். அதுவும் எனக்குக் கேட்டது. அதை நான் மறக்கவில்லை, இப்போதும் மறக்கவில்லை. ஆனால் பிறகு வைத்த குழம்பில் உப்பைக் குறைத்தேன். அதை நீங்கள் கவனித்தீர்களா?

கிரிக்கெட் எனக்கு விளங்காத சாமான். அரிவு வெட்டி முடிந்து சித்திரை வெயில் ஏறினால், அறுத்த தாள் நிற்கிற ஒட்டு வயலைச் செதுக்கி, நடுவில் மண் கொட்டி இறுக்கி, எங்கள் கொலனிக்காரரும் பரந்தன் பக்கத்துக் கொலனிக்காரரும் விளையாடுவீர்கள். பெண்கள் அந்தப் பக்கம் போவதில்லை. நீங்கள் பந்து போடுகிற ஆள் என்பது மட்டும் தெரியும். வலது காற்சட்டைப் பக்கம் சிவப்பாகத் தேய்ந்து வரும், அதைத் தோய்ப்பது நான்.

அந்த விளையாட்டில் ஒரு கெட்ட பழக்கம் இருந்தது. பந்து போட ஓடி வருகிறவனைக் குழப்ப, கரையில் நிற்கிற எதிர்ப்பக்கத்தார் பொய்ச் செய்தி சொல்லிக் கத்துவார்கள். உன்ர வைக்கோல் போர் எரியுது என்பான் ஒருவன். மாடு கட்டவிழ்த்துக்கொண்டு வயலுக்குள் நிற்கிறது என்பான் மற்றவன். தலையைத் திருப்பினவன் தோற்றவன். இந்த வேலையில் பெரிய கெட்டிக்காரன் பரந்தன் பக்கத்து நாகேசு. அவனுக்கு ஓடவும் தெரியாது, அடிக்கவும் தெரியாது. வாய் மட்டும்தான். அந்த வாய்க்காகவே அவனை வண்டிலில் ஏற்றிக்கொண்டு வருவார்கள்.

யோகத்துக்கு மூன்று வயதாக இருந்த சித்திரையில் நீங்கள் அவனிடம் தோற்றீர்கள். வெயிலுக்குச் சட்டையைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு பந்து போட ஓடி வந்தீர்களாம். அவன் கரையில் இருந்து ஒரே ஒரு சொல் சொன்னானாம்: "மாமி வாறா." நீங்கள் ஓட்டத்திலேயே நின்று, இடுப்பில் இருந்த சட்டையை இழுத்து மேலே போட்டீர்களாம். பந்து கை நழுவி எங்கேயோ போனது. அந்த ஓட்டத்தோடு ஆட்டமும் போனது.

ஊர் ஒரு வருடம் சிரித்தது. சங்கக் கடையில், வாய்க்கால் கட்டில், பேருந்தில், உங்களைக் கண்டால், "குணம், சட்டையைப் போடு, மாமி வாறா" என்பார்கள். பூமணி எனக்குச் சொல்லிச் சிரித்தாள். நான் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டேன். உள்ளுக்குள் சந்தோசமாக இருந்தது என்பதை இப்போது சொல்கிறேன். என்னை நினைத்து ஒரு ஆம்பிளை தோற்றுப் போனார் என்பது லேசான காரியமா?

உங்களுக்குத்தான் அது நெஞ்சில் முள்ளாக இருந்தது. அடுத்த போகம் சூடு அடித்து முடிந்தவுடன் களத்தில் ஒற்றைத் தடி நட்டீர்கள். குதிக்காலால் ஒரு கோடு கீறி, அதில் இருந்து பின்னேரம் பின்னேரமாக ஓடி வந்து பந்து போட்டீர்கள். பதினொரு எட்டு. நான் குசினி யன்னலால் எண்ணியிருக்கிறேன். கோட்டில் நின்று மூச்சை வெளியே விடுவீர்கள், கண் தடியின் அடியில் இருக்கும், வேறெங்கும் போகாது. பிறகு உதடு அசையும், எட்டு எண்ணுவீர்கள்.

அது மட்டும் போதாது என்று பூமணியையும் அயலிலுள்ள பெண்களையும் களத்தைச் சுற்றி நிற்க வைத்தீர்கள். வாயில் வந்ததைக் கத்தச் சொன்னீர்கள். பால் பொங்குது, பிள்ளை கிணற்றடிக்குப் போறாள், கோழியை நரி கொண்டு போகுது என்று அவர்கள் கத்துவார்கள். முதலில் திரும்பினீர்கள். பிறகு பாதியில் தயங்கினீர்கள். பங்குனி முடியும்போது தலைக்கு மேலே இடி விழுந்தாலும் தடியின் அடியை விட்டுக் கண் எடுக்க மாட்டீர்கள்.

ஒரு நாள் பூமணியிடம் சொன்னீர்கள். கதவுக்குப் பின்னால் நான் கேட்டுக்கொண்டு நின்றேன்.

"சத்தம் காதோட நிக்க வேணும். காலுக்கு இறங்க விடக் கூடாது. காதைப் பொத்தினாப் பயம் இன்னும் கூடும். கேக்கட்டும், கேட்டுக்கொண்டே எட்டை எண்ண வேணும்."

பிறகு சிரித்துக்கொண்டு கேட்டீர்கள்: "மாமி வாறா எண்டு ஒருக்காக் கத்தும் பாப்பம்."

பூமணி கத்தினாள். நீங்கள் திரும்பவில்லை. தடி பறந்தது. நான் யன்னலடியில் மண்ணெண்ணெய்த் தகரத்தை எடுத்து அகப்பைக் காம்பால் படபடவென்று தட்டினேன், இன்னும் குழப்புவதற்காக. அதுக்கும் திரும்பவில்லை. என் பங்கும் அதில் இருக்கிறது. அதை யாரும் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன்.

அந்த வருடத்து விளையாட்டு நாள். கொலனியில் ஆம்பிளை என்று ஒருத்தரும் வீட்டில் இல்லை. பூமணி சின்னவளை ஐந்து மாதம் வயிற்றில் வைத்துக்கொண்டு மா இடித்துக்கொண்டிருந்தாள். நான் கிணற்றடியில் குளித்துக்கொண்டிருந்தேன். யோகம் வைக்கோல் போர்ப் பக்கம் கோழிக்குஞ்சைத் துரத்திக்கொண்டு போனாள்.

அவள் கத்திய சத்தம் பெரிய சத்தம் இல்லை. விழுந்தெழும்பிய பிள்ளையின் சத்தம்தான். போய்ப் பார்த்தால் புடையன் பாம்பு வைக்கோலுக்குள் இழுபட்டுப் போகிறது. பிள்ளையின் கணுக்காலில் இரண்டு பொட்டு.

சேலைக் கரையைக் கிழித்து இறுக்கிக் கட்டினோம். விசகடிப் பரியாரி எங்கே என்று ஓடினால், கனகராயன்குளத்தில் யாருக்கோ கடித்ததென்று காலையிலேயே போய்விட்டாராம். பஸ் றோட்டுக்கு இரண்டு கட்டைத் தூரம். ஆசுப்பத்திரி அதற்கும் அங்காலே. விளையாட்டுப் பார்க்கப் போகாதவர்களின் வண்டில்கூட ஒன்றும் இல்லை. உழவு மிசின் எங்கள் பட்டி வேலியோடு நிற்கிறது, அதைக் கிளப்புகிற திறப்பு உங்கள் காற்சட்டைப் பைக்குள்.

பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பூமணி சொன்னாள்: "அம்மா, ஓடிப்போய் அவரைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

ஓடினேன். குளித்த ஈரத்தோடு, குறுக்குக்கட்டோடு, தோளில் ஒரு துவாய். அரை மைல் வரம்பு. ஒட்டுக் காலில் குத்தியது கூடத் தெரியவில்லை. விளையாட்டுக் காணி தெரிந்தது. சுற்றிவர நூறு நூற்றைம்பது ஆம்பிளைகள். நடுவில் நீங்கள். அங்கேதான் கால் நின்றது எனக்கு.

இதைப் படிக்கிற பெண்களுக்கு விளங்கும். ஆம்பிளைகளுக்கு விளங்காவிட்டால் பரவாயில்லை. நெஞ்சு மறைத்துக் கட்டிய ஒரு ஈரச் சேலையோடு, தலைமயிர் அவிழ்ந்து, முழு ஊருக்கும் மருமகனுக்கும் முன்னால் போய் நிற்க என் கால் போகவில்லை. பேத்தி சாகக் கிடக்கிறாள், அப்போதும் போகவில்லை. கரையில் ஒரு பெரிய பாலை மரம். அதன் அருகே சனத்தை விட்டு விலகித் தனியே ஒருவன் நின்றான். அவனைக் கூப்பிட்டேன்.

நாகேசு. அவன் யார் என்று எனக்கு அப்போது தெரியாது. பெயரைத்தான் கேட்டிருக்கிறேன், முகத்தைக் கண்டதில்லை.

"தம்பி, அங்க பந்து போடுறவரின்ர மாமி நான். பிள்ளையைப் பாம்பு கடிச்சுப் போட்டுது. உடன வரச் சொல்லு."

அவன் முகம் வெளுத்துப் போனது. அதை நான் பார்த்தேன். அவன் பொய் சொல்கிற ஆள், அந்த நேரத்தில் பொய் சொல்லவில்லை. வயலுக்குள் ஓடிப்போய் நின்று கத்தினான்.

"டேய் குணம், உன்ர மாமி வந்து நிக்கிறா. பிள்ளைக்குப் பாம்பு கடிச்சுப் போட்டுதாம். விட்டுப்போட்டு ஓடு."

சனம் கொல்லென்று சிரித்தது. "போன வருசத்து மாமியடா இது, புதுசாச் சொல்லு" என்றான் யாரோ. நாகேசு சத்தியம் பண்ணினான். அம்மாவின்மேல் சத்தியம் என்றான். சிரிப்பு இன்னும் கூடியது. எங்கள் பக்கத்துப் பெடியன்கள் இரண்டு பேர் வந்து அவனைத் தோளில் பிடித்துக் கரைக்குத் தள்ளினார்கள். நீங்கள் கோட்டில் நின்றீர்கள். மூச்சை வெளியே விட்டீர்கள். உதடு அசைந்தது. பதினொரு எட்டு.

நாகேசு மரத்தடியைக் கையால் காட்டினான். அந்தப் பக்கத்து ஆம்பிளைகள் எல்லாரும் திரும்பினார்கள். நான் மரத்துக்குப் பின்னால் போய்விட்டேன்.

ஆறு பந்து. பிறகு மற்றப் பக்கத்தில் வேறொருவர் ஆறு பந்து. பிறகு திரும்ப நீங்கள். இரண்டு விக்கெட் மிச்சம் இருந்ததாம், பன்னிரண்டு ஓட்டம் வேண்டி இருந்ததாம். பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்போது எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். சொல்லி அனுப்பிவிட்டேன், மருமகன் வரவில்லை. மரத்தில் நெற்றியை வைத்துக்கொண்டு உங்களைத் திட்டினேன். நெஞ்சுக்குள் கல்லா இருக்குது இந்த மனுசனுக்கு என்றேன். மரத்தை விட்டு வெளியே ஒரு எட்டு வைக்கவில்லை. நாலு தரம் யோசித்தேன், நாலு தரமும் வைக்கவில்லை.

கடைசி விக்கெட்டும் உங்கள் பந்தில்தான் விழுந்தது. சனம் நடுவுக்குப் பாய்ந்தது. உங்களைத் தோளில் தூக்கினார்கள். மரத்தடி வெறிச்சோடிப் போனது. அப்போதுதான் நான் வெளியே வந்தேன்.

தோளின்மேல் இருந்து என்னைக் கண்டீர்கள். ஒரு நாளும் அந்தப் பக்கம் வராத மாமி, குறுக்குக்கட்டோடு வெயிலில் நிற்கிறா. உங்களுக்கு ஒருத்தரும் ஒன்றும் சொல்ல வேண்டி இருக்கவில்லை. சிரித்த வாய் அப்படியே நின்றது. தூக்கியவனின் தலைக்கு மேலாகக் குதித்து விழுந்து ஓடி வந்தீர்கள், என்னைத் தாண்டி, வரம்பை விட்டு, நேரே ஒட்டுக்குள்ளால்.

மிசின் பெட்டிக்குள் பூமணியின் மடியில் பிள்ளை. பல் முரசில் இருந்து இரத்தம் கசியத் தொடங்கியிருந்தது. நீங்கள் ஓட்டிய ஓட்டத்தை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. ஆசுப்பத்திரியில் டாக்குத்தர் நல்ல மனுசன், தன்னால் ஆனதெல்லாம் செய்தார். விளக்கு வைக்கிற நேரம் வெளியே வந்து, "கொஞ்சம் முந்திக் கொண்டு வந்திருந்தால்" என்று தொடங்கி, முடிக்காமல் உள்ளே போனார்.

கொஞ்சம் என்றால் எவ்வளவு? எட்டு வருடமாக அதைத்தான் கேட்கிறேன். கால் மணித்தியாலமா, அரை மணித்தியாலமா? கால் மணித்தியாலத்தில் அவள் பிழைத்திருப்பாளா, மாட்டாளா? அந்த டாக்குத்தரும் மாறிப் போய்விட்டார்.

பிள்ளையைக் கொண்டு வந்து கிடத்திய பிறகு பூமணி என்னிடம் கேட்டாள்: "அம்மா, நீங்கள் போய்ச் சொல்லேல்லையோ?"

"சொல்லி அனுப்பினனான் பிள்ளை. வரேல்லை."

அவ்வளவுதான் சொன்னேன். யாரிடம் சொல்லி அனுப்பினேன் என்று சொல்லவில்லை. மரத்துக்குப் பின்னால் நின்றதைச் சொல்லவில்லை. நான் சொன்னது பொய் இல்லை, ஆனால் ஒரு பொய்யும் அந்தளவு வேலை செய்யாது. ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. பிள்ளையைவிட விக்கெட் பெரிது அந்த மனுசனுக்கு என்றது. சங்கக் கடையில் சிரித்தவர்களே உங்களைக் கண்டால் பேச்சை நிறுத்தினார்கள். நாகேசு கத்தியதைக் கேட்ட நூறு பேரும், அன்றைக்குச் சிரித்த வெட்கத்தில் வாயைத் திறக்கவில்லை. நீங்களும் திறக்கவில்லை. பந்தை யாருக்கோ கொடுத்தீர்கள், பிறகு அந்தக் காணிப் பக்கம் மாடு தேடிக்கூடப் போகவில்லை.

நான் உங்களோடு கோபம் போட்டேன். ஆனால் பாருங்கள், கோபம் என்று ஊருக்குத் தெரியவில்லை. முன்னமும் கதைக்காத மாமிதானே. உங்களுக்கு மட்டும் தெரியும். கதவுக்குப் பின்னால் இருந்து சோறு வேண்டுமா என்று கேட்பது நின்றது. விடியற்காலம் மூக்குப்பேணியில் தேத்தண்ணீர் ஊற்றி விறாந்தைக் கட்டில் வைப்பேனே, அது நின்றது. நீங்கள் முற்றத்துக்கு வந்தால் நான் பின்வளவுக்குப் போவேன். எட்டு வருடம். காய்ச்சல் வந்து நீங்கள் பாயில் கிடந்தபோதும் நான் எட்டிப் பார்க்கவில்லை. கடைசியாக நெருப்புக்காய்ச்சல் என்று பதினெட்டு நாள் ஆசுப்பத்திரியில் கிடந்தபோதும் வரவில்லை. செத்தவீட்டில்கூட நான் அழவில்லை. அதையும் எழுதுகிறேன், ஒளிக்க ஒன்றும் இல்லை இனி.

எட்டாம் நாள், எட்டுச் செலவு அன்று நாகேசு வந்தான். தலை நரைத்துப் போய், வாய் அடங்கிப் போய் இருந்தான். எல்லாரும் சாப்பிட்டுப் போகும்வரைக்கும் வேலியோடு குந்தியிருந்து, பிறகு என்னிடம் வந்தான்.

"ஆச்சி, ஒரு கதை சொல்ல வேணும். அவர் இருக்குமட்டும் சொல்லாத எண்டவர்."

சொல் என்றேன்.

"அவர் திரும்பிப் பாத்தவர், ஆச்சி."

எனக்கு விளங்கவில்லை.

"முதல் ஓவர் முடிஞ்சு கரைப் பக்கம் நடக்கேக்க. நான் கையைக் காட்டிக்கொண்டு நிண்டனான், அங்க பார், மாமி அங்க எண்டு. நிண்டு, வடிவாத் திரும்பிப் பாத்தவர். எங்கட ஆக்கள் எல்லாம் கை தட்டிச் சிரிச்சவங்கள், குணம் திரும்பவும் ஏமாந்திட்டான் எண்டு. அதுக்கும் அசையாமல் பாத்துக்கொண்டு நிண்டவர். மரம்தான் நிண்டுது. ஆள் இல்லை."

அவன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு மிச்சத்தையும் சொன்னான்.

"அண்டைக்கு நானும் பின்னால வந்தனான், ஆசுப்பத்திரி வாசலில என்னைப் பிடிச்சுக் கேட்டார், மாமி எங்க நிண்டவா எண்டு. மரத்துக்குப் பின்னால போயிட்டா, உடுப்புச் சரியில்லை, வெக்கப்பட்டிட்டா எண்டு சொன்னனான். பிடிச்ச கையை விட்டார். பிறகு, நாகேசு, நான் இருக்குமட்டும் இதை ஒருத்தருக்கும் சொல்லாத, மாமி கேள்விப்பட்டால் உயிரோட இருக்க மாட்டா, பிள்ளை போனது காணும் எண்டார்."

அந்த வாயன், வாயே பிழைப்பாக இருந்தவன், எட்டு வருடம் ஒரு சொல்லைக் காத்து வைத்திருந்தான். நீங்கள் அதைவிடக் கூடக் காத்தீர்கள். ஒவ்வொரு நாளும் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு பின்வளவுக்குப் போக, நீங்கள் தெரிந்துகொண்டே பார்த்துக்கொண்டு இருந்தீர்கள்.

பின்னேரம் பின்னேரமாகக் களத்தில் நின்று பழகியதெல்லாம் எதற்கு? திரும்பாமல் இருக்க. அத்தனை சனத்தின் சிரிப்புக்குள், போன வருடத்து அவமானம் நெஞ்சில் இருக்க, மாமி என்ற ஒரு சொல்லுக்காகத் திரும்பினீர்கள். இல்லாத இடத்தைப் பார்த்தீர்கள். பொய் என்று நம்பித் திரும்பவும் பந்தை எடுத்தீர்கள். நீங்கள் திரும்பின அந்த நேரம் நான் மரத்துக்குப் பின்னால் கண்ணை மூடிக்கொண்டு உங்களைத் திட்டிக்கொண்டு நின்றேன்.

எனக்கு உங்களில் ஒரு கோபம் இன்னும் இருக்கிறது. செத்துப் போனீர்கள் என்பதற்காக அதை விடமாட்டேன். ஏன் சொல்லவில்லை? ஒரு நாள், ஒரே ஒரு நாள், முற்றத்தில் நின்று, "மாமி, நீங்கள் மரத்துக்குப் பின்னால ஒளிச்சனீங்கள்" என்று கேட்டிருந்தால் நான் சண்டை பிடித்திருப்பேன். பிறகு நிலத்தில் குந்தியிருந்து அழுதிருப்பேன். அதோடு முடிந்திருக்கும். மாமியோடு நேரே கதைக்கக் கூடாது என்ற மரியாதையா உங்களைத் தடுத்தது? அப்படியென்றால் நாங்கள் இரண்டு பேரும் மரியாதையால்தான் கெட்டோம்.

நேற்றுப் பூமணியிடம் சொன்னேன். குசினிக்குள் போய், கதவைச் சாத்திவிட்டு, முழுவதும் சொன்னேன். ஈரச் சேலை, மரம், நாகேசு, நீங்கள் திரும்பியது, எல்லாம். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்த தண்ணீர் தெளிந்த பிறகும் கையை எடுக்காமல் இருந்தாள்.

"எட்டு வருசம் அந்த மனுசனுக்கு முகம் குடுத்துக் கதைக்கேல்லை நான்," என்றாள். "ஆசுப்பத்திரியில கடைசியாத் தண்ணி கேட்டவர் அம்மா. நான் எழும்பிப் போய் நர்சைக் கூப்பிட்டனான். நான் குடுக்கேல்லை."

பிறகு அரிசியை உலையில் போட்டாள். அதற்குப் பிறகு என்னோடு கதைக்கவில்லை. இரவு என் கோப்பையில் சோறு போட்டுச் சின்னவளிடம் கொடுத்து அனுப்பினாள். இன்று காலையும் அப்படித்தான்.

அது சரி. அவளுக்கு அந்த உரிமை இருக்கிறது. என் மகள்தானே, கோபத்தை வைத்திருக்க என்னிடம்தான் பழகினாள். எத்தனை வருடம் வைத்திருப்பாள் என்று நான் கேட்கப் போவதில்லை. எனக்கு எவ்வளவு மிச்சம் என்றும் தெரியாது.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன். முப்பத்தோராம் நாள் இந்தப் புத்தகம் வருகிற எல்லார் கைக்கும் போகும். படத்தைப் பார்த்துவிட்டு மடித்து மடியில் வைப்பார்கள், எனக்குத் தெரியும். விடமாட்டேன். பந்தலுக்கு நடுவில் வந்து நிற்பேன். அன்று சிரித்தவர்கள் இருப்பார்கள், பிறகு உங்களைப் பழித்தவர்கள் இருப்பார்கள், அவர்கள் ஒவ்வொருவரின் பெயரும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. அவர்களுக்கு முன்னால் நின்று இரண்டு பக்கத்தில் அடங்காமல் போன இதை நானே எழுத்துக் கூட்டி வாசிப்பேன். எவ்வளவு நேரம் எடுத்தாலும் வாசிப்பேன். பூமணி எழும்பிப் போனாலும் நிறுத்த மாட்டேன். பிள்ளையை விட்டது குணரத்தினம் இல்லை, நான் என்று சொல்லி முடித்துவிட்டுத்தான் குந்துவேன்.

உங்கள் பெண்சாதியைப் பெற்றவள்,
யோகத்தின் அம்மம்மா,
உங்கள் மாமி
தங்கம்மா